பேலட்டில் அடுக்கினால் நட்டமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சரக்கைச் சில்லறையாகக் கையாளாமல், பேலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் பலகைத் தட்டு), ஜம்போ பை, கண்டெய்னர் என ஒரே சுமையாகத் திரட்டிக் கையாள்வது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பாடநூல்களில் இதை 'அலகுச் சுமை' என்று எழுதுவார்கள். கிடங்குகளில் 'பேலட் லோடு' என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: கோகோபித் (தென்னை நார்த்தூள்) கட்டிகள் தயாரித்து ஏற்றுமதி செய்கிறோம். ஒரு கட்டி 5 கிலோ; 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். 40 அடி ஹைகியூப் (உயரம் கூடிய) கண்டெய்னரில் ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கி 5,000 கட்டிகள் அனுப்பி வருகிறோம். நெதர்லாந்தில் கிடைத்திருக்கும் புதிய வாடிக்கையாளர் 120 × 100 செ.மீ. பேலட்டில் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்கிறார். பேலட் கட்டைகள் பிடித்துக்கொள்ளும் இடத்துக்கும் சேர்த்து நாங்கள் கப்பல் வாடகை கொடுக்க வேண்டுமா?
— வாசகர், ஆனைமலை

இடம் போய்விடும் என்ற அச்சம் எல்லோருக்கும் முதலில் வருவதுதான். ஆனால் உங்கள் சரக்கின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், உங்களைக் கட்டுப்படுத்துவது இடம் அன்று, எடை என்பது தெரியும். ஒரு கட்டியின் கன அளவு 0.0108 கன மீட்டர். 5,000 கட்டிகள் 54 கன மீட்டர். ஹைகியூப் கண்டெய்னரின் உள்ளளவோ ஏறத்தாழ 76 கன மீட்டர். இப்போதும் கூரைக்குக் கீழே கணிசமான இடத்தைக் காலியாக விட்டுத்தான் அனுப்புகிறீர்கள். அதற்கு மேல் ஏற்றாமல் 25 டன்னில் நிறுத்திக்கொள்வது எடை வரம்பை மனத்தில் வைத்துத்தான். காலியாகப் போய்க்கொண்டிருக்கும் அந்த இடத்தைத்தான் பேலட் கட்டைகள் பயன்படுத்தப் போகின்றன.

இனி, பேலட்டில் எத்தனை கட்டிகள் போகும் என்று பார்ப்போம். 120 × 100 பேலட்டின் மேல் நீளவாக்கில் நான்கு, அகலவாக்கில் மூன்று என ஓர் அடுக்குக்கு 12 கட்டிகள் அமரும். கண்டெய்னரின் உள் உயரம் ஏறத்தாழ 2.69 மீட்டர் என்பதை வைத்து 20 அடுக்கு போடலாம் என்று பலர் கணக்கிடுகிறார்கள். ஆனால் சரக்கு உள்ளே போவது கதவு வழியாக. கதவின் உயரம் 2.58 மீட்டர்தான். 20 அடுக்கின் 2.40 மீட்டரோடு பேலட்டின் 14 செ.மீ. சேர்ந்தால் 2.54 மீட்டர். ஃபோர்க்லிஃப்ட் என்னும் தூக்கு வண்டி அதைத் தரையிலிருந்து சற்றே தூக்கினாலும் கதவின் மேல் சட்டத்தில் இடித்துவிடும். ஆகவே 19 அடுக்கோடு நிறுத்துங்கள். பேலட் ஒன்றுக்கு 228 கட்டிகள், 1,140 கிலோ.

கண்டெய்னரின் உள் நீளம் ஏறத்தாழ 12.03 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். ஒரு வரிசையில் பேலட்டின் 120 செ.மீ. பக்கம் நீளவாக்கில் இருக்குமாறு பத்தும், மற்ற வரிசையில் 100 செ.மீ. பக்கம் நீளவாக்கில் இருக்குமாறு பதினொன்றும் வைத்தால் மொத்தம் 21 பேலட்டுகள், 4,788 கட்டிகள் ஏறும். நீங்கள் இழப்பது 212 கட்டிகள். நூற்றுக்கு நான்கு, அவ்வளவே.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. பத்து பேலட்டுகள் நிற்கும் வரிசையின் நீளம் சரியாக 12 மீட்டர். மொத்த வரிசைக்கும் மிஞ்சுவது 3 செ.மீ. மட்டுமே. கட்டிகள் பேலட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை துருத்தினாலும் கடைசி பேலட் உள்ளே போகாது, கதவு மூடாது. அச்சில் அழுத்தி எடுக்கும் கட்டிகள் ஓரிரு நாளில் சற்று உப்பும் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே அச்சிலிருந்து வந்த சூட்டோடு அளக்காமல், இரண்டு நாள் கிடந்த கட்டியை அளந்து பாருங்கள். 30 செ.மீ.க்கு மேல் இருந்தால் அச்சின் அளவைக் குறைப்பதுதான் வழி; கண்டெய்னரைப் பெரிதாக்க முடியாது. இரு வரிசைகளுக்கும் சேர்த்து அகலம் 2.20 மீட்டர் ஆவதால் 15 செ.மீ. இடைவெளி மிஞ்சும். அதைக் காற்றடைத்த டன்னேஜ் பைகளால் நிரப்பாமல் விட்டால், கப்பல் உருளும்போது 1,140 கிலோ எடையுள்ள ஒவ்வொரு சுமையும் பக்கவாட்டில் நகர்ந்து கண்டெய்னரின் சுவரை மோதும்.

இந்த நான்கு விழுக்காட்டுக்கு ஈடாக என்ன கிடைக்கிறது? ஒரு கட்டியை எத்தனை முறை கை தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அச்சிலிருந்து எடுத்து அடுக்குகிறார்கள். அடுக்கிலிருந்து கண்டெய்னருக்கு ஏற்றுகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் இறக்குகிறார்கள். கிடங்கில் மீண்டும் அடுக்குகிறார்கள். பசுமைக்குடில்காரர் கேட்கும்போது மீண்டும் எடுத்து ஏற்றுகிறார்கள். ஐந்து முறை, 5,000 கட்டிகள், 25,000 கையசைவுகள். ஒவ்வோர் அசைவிலும் ஒரு மூலை உடையலாம், ஒரு கட்டி நழுவலாம். அச்சடியிலேயே பேலட்டில் அடுக்கிவிட்டால் கை தொடுவது ஒரே ஒரு முறை. பிறகு நடப்பவை எல்லாம் 21 சுமைகளின் நான்கு நகர்வுகள், அதாவது 84 ஃபோர்க்லிஃப்ட் பயணங்கள். உங்கள் வாடிக்கையாளர் பேலட் கேட்பது இதற்காகத்தான். கையால் இறக்கினால் ஏறத்தாழ ஒரு முழு நாள் வேலை. அந்த நாட்டின் கூலியில் அது உங்கள் 212 கட்டிகளின் விலையைவிடப் பெரிய செலவு. இதை எடுத்துச் சொல்லி விலையில் ஒரு பங்கைக் கேட்டுப் பெறுங்கள், கேட்பது நியாயமே.

இதில் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பேலட்டில் அடுக்குவதை ஏற்றுமதி நாளன்று செய்யாதீர்கள். களத்தில் குவித்து வைத்து, கண்டெய்னர் வந்து நின்ற பிறகு அவசரமாகப் பேலட்டில் அடுக்கினால், பழைய கையசைவுகள் அனைத்தும் அப்படியே இருக்கும். பேலட்டின் விலை மட்டும் கூடுதலாகச் சேரும். இந்த முறையில் நட்டம் கண்டதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்தவர்கள்தாம்.

கேள்வி: பின்னலாடைப் பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கி, பிலிம் சுற்றி அனுப்பினோம். ஐந்தடுக்கு அட்டையில் செய்த தரமான பெட்டிகள். ஆயினும் கீழ் அடுக்குப் பெட்டிகள் நசுங்கிப் போய்ச் சேர்ந்தன. பெட்டியின் அளவு 65 × 45 செ.மீ.; பேலட் 120 × 100. அட்டையின் தரத்தை இன்னும் கூட்ட வேண்டுமா?
— வாசகர், திருப்பூர்

அட்டைக்குச் செலவு செய்யும் முன் அளவைத் திருத்துங்கள். 65 செ.மீ. பெட்டிகள் இரண்டைச் சேர்த்து வைத்தால் 130 செ.மீ.; பேலட்டோ 120. இரு பக்கமும் ஐந்து ஐந்து செ.மீ. வெளியே தொங்குகிறது. அட்டைப்பெட்டி பாரத்தைத் தாங்குவது அதன் நடுப்பகுதியால் அன்று; பெரும்பகுதிப் பாரத்தைத் தாங்குபவை நான்கு மூலைகளும் அவற்றை ஒட்டிய செங்குத்தான ஓரங்களும்தாம். அந்த மூலைகளே அந்தரத்தில் நின்றால் எவ்வளவு உயர்ந்த அட்டையானாலும் பாரம் தாங்காது.

செங்கல் சுவர் கட்டுவதுபோல ஓர் அடுக்கை நேராகவும் அடுத்ததைக் குறுக்காகவும் மாற்றி மாற்றி வைத்திருப்பீர்கள் என்றும் ஊகிக்கிறேன். பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும் இந்த முறையில், மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் வலுவற்ற நடுப்பகுதியில் அமர்கிறது. மூலைக்கு மேல் மூலை வருமாறு தூண்போல அடுக்குவதே பெட்டிக்கு நல்லது. தூண்கள் தனித்தனியாகச் சாயாமல் இருக்க, மேல் அடுக்கை மட்டும் திசை மாற்றி வைத்து, நான்கு முனைகளிலும் அட்டைக் கோணங்கள் கொடுத்து, பிலிமைப் பேலட்டின் கட்டையோடு சேர்த்துச் சுற்றுங்கள். பிலிம் பெட்டிகளை மட்டும் சுற்றிப் பேலட்டைச் சுற்றாமல் விட்டால், ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது பேலட் ஒரு பக்கமும் சுமை ஒரு பக்கமும் போகும்.

எந்த அளவுக்கு மாறலாம்? 60 × 40 செ.மீ. என்பது உலகெங்கும் பொதி அளவுகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் அளவு. 120 × 100 பேலட்டில் இரண்டு பெட்டிகளை நீளவாக்கிலும் மூன்றைக் குறுக்காகவும் வைத்தால் இம்மியும் வீணாகாமல் ஐந்து பெட்டிகள் அமரும். ஐரோப்பியப் பேலட்டான 120 × 80இல் நான்கு. உங்கள் 65 × 45 பெட்டிகள் ஓர் அடுக்குக்கு நான்குதாம், பரப்பு 11,700 சதுர செ.மீ.; 60 × 40 பெட்டிகள் ஐந்து என்றால் 12,000. சிறிய பெட்டிக்கு மாறினால் அதிகச் சரக்குப் போகிறது! ஆடைகளை நிரப்பிய பெட்டி சற்றுப் புடைக்கும் என்பதால் வெளியளவை 59 × 39 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பெட்டி தயாரிப்பவரிடம் சொல்வதற்கு முன் உங்கள் பேக்கிங் பிரிவில் சொல்ல வேண்டும், ஏனெனில் சட்டையின் மடிப்பு அளவுதான் பாலித்தீன் உறையின் அளவையும், உறைதான் பெட்டியின் அளவையும் தீர்மானிக்கிறது.

மழைக்காலத்தில் பெட்டிகளை வெறும் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். அட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய அட்டையின் தாங்குதிறன் வெகுவாகக் குறைந்துவிடும். தொழிற்சாலையில் நிமிர்ந்து நின்ற அடுக்கு இரண்டு வாரக் கடல் பயணத்தில் மெல்லச் சரிவதற்கு இதுவும் காரணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னலாடை எடை குறைந்த சரக்கு. எடை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே கண்டெய்னர் நிரம்பிவிடும். ஆனைமலை வாசகருக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. பேலட் கட்டை பிடிக்கும் இடம் உங்களுக்கு உண்மையான இழப்பு. முழுக் கண்டெய்னர் அனுப்புகிறீர்கள், வாங்குபவரும் பேலட் கேட்கவில்லை என்றால், பெட்டிகளை நேரடியாகக் கண்டெய்னரில் அடுக்குவதே சரி. கிடங்குக்குள் மட்டும் பேலட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்றவர் சரக்கோடு சேர்ந்து பகிர்வுக் கண்டெய்னரில் போகும் சிறு தொகுதிகளைப் பேலட் இல்லாமல் அனுப்பாதீர்கள். அங்கே உங்கள் பெட்டிகளின் மேல் யாருடைய இரும்புச் சாமான் ஏறும் என்று சொல்ல முடியாது. பெட்டிகள் பிரிந்து எண்ணிக்கை குறையும் அபாயமும் உண்டு.

கேள்வி: மரப் பேலட்டில் முத்திரை இல்லை என்று எங்கள் சரக்கை வெளிநாட்டில் நிறுத்திவிட்டார்கள். பேலட்டோ புதியது, பூச்சியே இல்லை. இது என்ன விதி?
— வாசகர், ஈரோடு

ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதி அது, 2002இல் ஏற்கப்பட்டது. பச்சை மரத்துக்குள் முட்டையாகவும் புழுவாகவும் ஒளிந்திருக்கும் பூச்சிகள் நாடுவிட்டு நாடு போய்க் காடுகளை அழித்ததால் வந்தது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்குமாறு சூடேற்ற வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு புகையூட்ட வேண்டும். அதற்குச் சான்றாகக் கோதுமைக் கதிர்ச் சின்னம், இந்தியாவைக் குறிக்கும் ஐஎன் என்ற குறி, சிகிச்சை செய்தவரின் பதிவு எண், சிகிச்சையின் குறி ஆகியவை மரத்திலேயே பதிந்திருக்க வேண்டும். கண்ணுக்குப் பூச்சி தெரிகிறதா இல்லையா என்பது பொருட்டே அன்று. மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு, தடைக்காப்பு, சேமிப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே இதைச் செய்துகொள்ளுங்கள்.

முத்திரையுள்ள பேலட்டில் ஒரு பலகை உடைந்து, கிடங்கில் கிடந்த வேறு பலகையை அடித்துச் சரிசெய்து அனுப்புவது பலர் செய்யும் பிழை. சிகிச்சை பெறாத அந்த ஒரு பலகையால் முத்திரை செல்லாததாகிவிடும். ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆன பேலட்டுகளுக்கு இந்த விதி இல்லை.

கேள்வி: துறைமுகத்தில் கண்டெய்னர் எடைச் சான்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டுமா?
— வாசகர், தூத்துக்குடி

தேவையில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின்படி 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நிரப்பிய கண்டெய்னரை மொத்தமாக எடை போடலாம். அல்லது உள்ளே வைக்கும் சரக்கு, பேலட், பிலிம், அணைப்புக் கட்டைகள் அனைத்தையும் தனித்தனியாக எடை போட்டுக் கூட்டி, கதவில் எழுதியிருக்கும் வெற்றுக் கண்டெய்னரின் எடையைச் சேர்த்துக் கொடுக்கலாம். பேலட்டில் அனுப்புபவர்களுக்கு இரண்டாம் வழி எளிது: இருபது சுமைகளைத் தராசில் வைத்தால் முடிந்தது. பேலட்டின் எடையைக் கூட்ட மறக்காதீர்கள். மரப் பேலட் ஒன்று 20, 25 கிலோ இருக்கும். இருபதுக்கு அரை டன் வந்துவிடும்.

கேள்வி: இப்படிச் சரக்கைத் திரட்டி அனுப்பும் முறையை யார் தொடங்கினார்கள்?
— கல்லூரி மாணவி, மதுரை

ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் தளவாடங்களைப் பேலட்டில் ஏற்றி அனுப்பியது அந்த முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுசென்றது. போர் முடிந்தபின் அவர்கள் ஆஸ்திரேலியாவில் விட்டுச்சென்ற பேலட்டுகளையும் தூக்கிகளையும் வைத்துத்தான் பேலட்டை வாடகைக்கு விடும் பொதுக் கையிருப்பு அங்கே உருவானது. ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961இல் ஒரே அளவுப் பேலட்டை ஏற்றுக்கொண்டு, சரக்கோடு ஒரு பேலட்டைப் பெறுபவர் பதிலுக்கு ஒரு வெற்றுப் பேலட்டைத் தர வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. மரச்சட்டத்தைவிட அந்த ஒப்பந்தத்தைத்தான் நான் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதுகிறேன். நம் நாட்டில் பேலட் பரவத் தயங்குவதற்கு, போன பேலட் திரும்பி வராது என்ற கவலையும் ஒரு காரணம்.

கண்டெய்னரைப் பொறுத்தவரை, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி உரிமையாளர் 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை அனுப்பியதைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அவருக்கு முன்பும் பெட்டிகள் இருந்தன. லாரியின் உடலை அப்படியே கழற்றிக் கப்பலில் வைத்து, மறுகரையில் இன்னொரு லாரியில் பூட்டலாம் என்று முழுப் பயணத்தையும் ஒன்றாகப் பார்த்ததுதான் அவர் செய்த புதுமை. 1968இல் பன்னாட்டுத் தர அளவுகள் வந்த பிறகே எந்த நாட்டுப் பெட்டியையும் எந்த நாட்டுக் கிரேனும் தூக்க முடிந்தது. இந்தியாவுக்கு முதல் கண்டெய்னர் கப்பல் 1973இல் கொச்சிக்கு வந்தது.

கேள்வி: பருப்பு, அரிசி மொத்த வியாபாரம். 50 கிலோ மூட்டைகள். ஃபோர்க்லிஃப்ட் வாங்கும் அளவுக்கு நாங்கள் பெரியவர்கள் இல்லை. இருபது ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் லோடுமேன்களை அனுப்பிவிடவும் மனம் இல்லை. எங்களுக்கு இந்த முறை பயன்படுமா?
— வாசகர், விருதுநகர்

பயன்படும், அவர்களை அனுப்பிவிடவும் வேண்டாம். கையால் தள்ளும் ஹேண்ட் பேலட் டிரக் ஒன்றும் முப்பது நாற்பது பேலட்டுகளும் போதும். அது இரண்டு முதல் இரண்டரை டன் வரை தூக்கும். 120 × 100 பேலட்டில் அடுக்குக்கு நான்காக ஐந்து அடுக்கு, இருபது மூட்டைகள் வைத்தால் ஒரு டன். சமமான தரையில் ஒருவரே தள்ளிச் செல்லலாம். வாங்கும்போது பேலட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியிலும் முழுக்கப் பலகை அடித்த பேலட்டுக்குள் ஹேண்ட் டிரக்கின் சிறு சக்கரங்கள் இறங்கித் தரையைத் தொட முடியாது, அது ஃபோர்க்லிஃப்டுக்கானது. இது தெரியாமல் ஐம்பது பேலட்டுகள் வாங்கி விறகாக்கிய கிடங்கில் நானே வேலை பார்த்திருக்கிறேன்.

லாரியில் வரும் மூட்டையை முதுகில் சுமந்து கிடங்கின் கடைசிச் சுவர் வரை நடந்து ஆளுயரத்துக்கு மேல் அடுக்குவதற்குப் பதிலாக, லாரியின் அருகே நிற்கும் பேலட்டில் இடுப்பளவு உயரத்தில் வைத்தால் போதும் என்றாகிவிடும். ஒருவர் தனியாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. நம் மூட்டை அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. அதையும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை தூக்குகிறார்கள். ஐம்பது வயதில் இடுப்பு போய் உட்கார்ந்துவிட்ட எத்தனையோ பேரை நம் கடைத்தெருக்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூலியை மட்டும் குறைத்துவிடாதீர்கள். மூட்டைக்கு இவ்வளவு என்ற பழைய கணக்கையே வைத்துக்கொண்டால், ஒரே நாளில் கூடுதலாக ஒரு லாரி இறக்கி அவர்களும் கூடுதலாகச் சம்பாதிப்பார்கள். உங்கள் லாரி வாசலில் காத்து நிற்கும் நேரமும் குறையும்.

மூட்டைகள் தரையைத் தொடாமல் நிற்பதால் அடிமூட்டையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிப்பதும் குறையும். பேலட்டுகளுக்கு இடையே ஆள் போகும் வழி இருந்தால் எலி வந்ததா என்று பார்க்கவும் முடியும். பழைய சரக்கை முதலில் எடுப்பதும் எளிது, ஏனெனில் ஒவ்வொரு பேலட்டிலும் வந்த தேதியை ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிட்டால் போதும். இவை எல்லாம் தரை ஒழுங்காக இருந்தால்தான். ஹேண்ட் டிரக்கின் சக்கரம் உள்ளங்கை அளவே இருக்கும். சிறு குழியில் இறங்கினாலும் ஒரு டன் சுமை அங்கேயே நின்றுவிடும். எனவே பேலட் வாங்குவதற்கு முன் கொத்தனாரை அழைத்து, வாசற்படியிலிருந்து கடைசி அடுக்கு வரை தரையைச் சமன் செய்யுங்கள்.